செவ்வந்தி மாலையும் ஆட்சேபனையும்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், அரசாங்கக் கச்சேரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கு எல்லாவற்றையும்விடப் பயம். என் வீட்டுக்காரர் இதை வைத்து என்னை ஓயாமல் கிண்டல் செய்வார். அந்தப் பெருமழைக்குப் பிறகு அவருடைய கிண்டல் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் மலையில் எல்லோருமே என்னைப் போல ஆகிவிட்டார்கள்.

கண்டிப் பக்கம், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. வீடு என்று சொல்வது பழக்கதோஷம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பரா, அதற்கு முன்னால் சமைக்க நாங்களாகவே தகரம் போட்டு இறக்கிய குசினி, அவ்வளவுதான். நானும் அவரும் இப்போது தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிகள் இல்லை. அவர் பேராதனைப் பக்கம் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார். நான் கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறேன். ஒரே மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். வேலை மாறினாலும் இருப்பிடம் மாறவில்லை. போவதற்கு எங்களுக்கு வேறு இடம் இருந்தால்தானே.

அந்த மழையில் லயத்துக்குக் கீழே, ரோட்டை ஒட்டி நின்ற மண்மேடு அப்படியே சரிந்து இறங்கியது. அதன் அடியில் குடியிருந்த கணவன் மனைவி இரண்டு பேரையும் மறுநாள்தான் எடுத்தார்கள். அந்த அக்காவிடம் நான் முந்தின நாள் கறிவேப்பிலை வாங்கி வந்திருந்தேன். எங்கள் காம்பராவின் பின்சுவரும் அன்றைக்கே வெடித்துவிட்டது. முதலில் மயிர்க்கோடாக இருந்தது, பிறகு அதில் என் சுண்டுவிரல் நுழைந்தது. மகள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்றாள். நாங்களும் படுக்க விடவில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் நர்சரி மட்டம். தோட்டத்துக்குத் தேயிலைக் கன்று வளர்த்த பழைய இடம் அது. மலைக்கு மேலே, சமதரையாக இருக்கும். அதற்கு மேலே வானம்தான், விழுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே எங்களுக்குத் தனி வீடுகள் கட்ட எங்கள் பிரதேச சபை மழைக்கு முன்பே திட்டம் போட்டிருந்தது. சும்மா போட்ட திட்டம் இல்லை. சபை உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களோடு சண்டை பிடித்துச் சண்டை பிடித்துப் போட்டது. பாதை எந்தப் பக்கம், தண்ணீர்த் தாங்கி எங்கே, கோயிலுக்கு முதுகு காட்டி வீடு கட்டலாமா கூடாதா என்று எத்தனை வாக்குவாதம். கடைசியில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் பிரித்தார்கள். எங்கள் துண்டு கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் வந்தது. மகள் அந்த மரத்தில் ஏறி நின்று, இது என் மரம் என்று ஊருக்கே அறிவித்துவிட்டாள்.

மழை விட்டதும், இனி தாமதிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம். வந்தது வேறு செய்தி. மலைநாட்டில் வீடு கட்டும் திட்டங்களை இனிப் பிரதேச சபைகள் போட முடியாதாம். கொழும்பில் உள்ள ஒரு மேல் அதிகாரசபை எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டதாம். எங்கள் சபை உறுப்பினர் ஒருவர் வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பழைய திட்டம் இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார். புதுத் திட்டத்தில் எங்கள் வீடுகள் கீழே இறங்கியிருந்தன. மண்மேடு சரிந்ததே, அதே மேட்டுக்கு அடியில், ரோட்டோரம். அங்கே கரண்டும் தண்ணீரும் சுலபமாகக் கொண்டுவரலாமாம். மேட்டுக்குச் சீமெந்துச் சுவர் கட்டுவார்களாம். மறுவாரமே வந்து சிவப்புப் பூசிய முளைக்கட்டைகளை அடித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு கட்டை, அந்த அக்காவின் கறிவேப்பிலை மரம் நின்ற இடத்தில்.

இங்கே இருந்தால் பின்சுவர். அங்கே போனால் மேடு. இரண்டில் எதன் கீழே மகளைப் படுக்க வைப்பது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது.

ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம், அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கே வந்து கேட்பார் என்று கிராம சேவகர் அறிவித்தார். அதற்காகக் கோயிலில் கூட்டம் கூடினோம். ஆட்சேபனை என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

"வேணாம்னு சொன்னா வீட்டு லிஸ்ட்டுல பேர வெட்டிருவாங்க. அப்புறம் மேலயும் இல்ல, கீழயும் இல்ல, இந்த லயத்துலயே கெடக்க வேண்டியதுதான்" என்றார் ஒருவர்.

அவர் சொன்னது எல்லோர் மனதிலும் இருந்ததுதான். நான்கூட அதை நினைத்து நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அந்தக் கணவன் மனைவியை எடுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். கடைசியில் எங்கள் தோட்டத்துத் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், எழுந்து, "சரி, நம்ம சொல்லிருவோம். மேலதான் வேணும்னு ஒரே வாயா சொல்லிருவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நல்ல முடிவு. அப்படியே கலைந்திருந்தால் தேவலை. அவர் அடுத்த மூச்சிலேயே, "அப்ப மாலைக்கு யாரு பூ கொண்டாறது?" என்று கேட்டார்.

எங்கள் தோட்டத்துக்கு யார் வந்தாலும் மாலைதான். தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தால் மாலை, துரை போனால் மாலை, ஓட்டுக் கேட்டு வந்தவருக்கு மாலை, வென்று வந்து வாக்குறுதியை மறந்தவருக்கு அதைவிடப் பெரிய மாலை. தப்படித்து, ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துத்தான் ஒரு மனிதரை உள்ளே விடுவோம். ஆகவே ஆட்சேபனை கேட்க வரும் அதிகாரிக்கு மாலை போடுவதில் ஒருவருக்கும் எந்த முரணும் தெரியவில்லை. கோயில் மாலைகளைக் கட்டுபவர் என் வீட்டுக்காரர். அவர் கம்பளைச் சந்தையிலிருந்து செவ்வந்திப் பூ வாங்கி வந்து, நடுவில் ரோசாவும் வைத்து, கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டுவது மாதிரி ஒன்று கட்டினார். ஆரத்தித் தட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார்கள்.

அதிகாரி வந்தார். நடுத்தர வயது, மெல்லிய குரல், நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். தப்புச் சத்தம் கேட்டு முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார், பிறகு சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினார். அவரோடு வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். தட்டில் சூடம் எரிய நான் மூன்று சுற்றுச் சுற்றினேன். தட்டு சாய்ந்து ஆரத்தித் தண்ணீர் அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் சிந்தியது. அவர் அதையும் பார்த்துச் சிரித்தார்.

கூட்டம் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் முன்னால், நாங்கள் சுவரோரம். அதிகாரி சிங்களத்தில் பேசினார், ஒருவர் தமிழில் சொன்னார். பிறகு எங்கள் தலைவர் எழுந்தார். ஐயா எங்கள் மண்ணை மிதித்தது நாங்கள் செய்த புண்ணியம் என்று தொடங்கினார். ஐயாவின் குடும்பம் நீடூழி வாழ வேண்டும் என்றார். இந்த அரசாங்கம், இதற்கு முந்தின அரசாங்கம், எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். உட்காரப் போகும்போதுதான் அவருக்கு விஷயம் ஞாபகம் வந்தது. "கீழ மட்டும் கொஞ்சம் பயமா இருக்குதுங்க ஐயா" என்றார். மொழிபெயர்த்தவர் அதை இரண்டு சொல்லில் முடித்தார். அதிகாரி, பயப்பட வேண்டாம், பெரிய சுவராகக் கட்டித் தருவோம் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் மண்டபம் முழுவதும் கை தட்டியது. ஒருவர் பேசி முடித்தால் கை தட்ட வேண்டும், அதுவும் எங்கள் பழக்கம். பெண்களிடம் ஏதாவது கேட்பார்களா என்று பார்த்திருந்தேன். அதற்குள் தேத்தண்ணீர் வந்துவிட்டது.

சில நாள் கழித்து, கடையில் நான் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி கூப்பிட்டார். அவர் அம்பிட்டியவில் இருப்பவர், பழைய முஸ்லிம் குடும்பம், காலையில் பத்திரிகையைக் கடைசி எழுத்து வரை வாசிக்காமல் கல்லாவைத் திறக்க மாட்டார்.

"புள்ள, இது ஒங்கட தோட்டம் தானே?"

படத்தில் நாங்கள். நடுவில் அதிகாரி, கழுத்தில் என் வீட்டுக்காரர் கட்டிய மாலை. அவருக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடு நான், பல் முழுவதும் தெரிய. புதிய வீடமைப்புத் திட்டத்துக்குத் தோட்ட மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்பு என்று கீழே போட்டிருந்தது.

"நல்ல சந்தோசமா ஈக்கீங்க போல" என்றார் முதலாளி.

கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் எனக்குப் பல் தெரியும், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அப்படி ஆகிவிடும். அதைப் பத்திரிகைக்காரருக்கு யார் சொல்வது. முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். அவருக்கும் அதே மேல் அதிகாரசபையோடு தகராறு இருந்தது. மகளுக்கென்று வீட்டுக்கு மேலே மாடி எடுக்க மாநகர சபை தந்த அனுமதியை அவர்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் அதற்காகப் பயப்படவில்லை, கோபப்பட்டார். எனக்கு அதைப் பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது.

"கச்சேரியில கடைசி விசாரணை ஒண்டு ஈக்கி. நானும் போறன். ஆட்சேபனை உள்ள யாரும் வரலாம். நீங்களும் வந்து சொல்லுங்க புள்ள. சொல்லாம ஊட்டுல இருந்தா ஒங்கட படந்தான் ஒங்களுக்காகப் பேசும்" என்றார்.

அன்று மாலை வீட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நல்ல சண்டை. பத்திரிகையை அவர் முன்னால் விரித்துப் போட்டேன். அவர் முதலில் மாலையைத்தான் பார்த்தார். ரோசா நன்றாக விழுந்திருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணாம்னு சொல்லக் கூப்புட்ட மனுசனுக்கு எதுக்குங்க மாலை?"

"வந்தவருக்கு ஒரு மாலகூடப் போடலைன்னா கோவிச்சுக்க மாட்டாரா?"

"கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கிட்டா பேர வெட்டிருவாருல்ல" என்றார், குரல் இறங்கி.

மகள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். எல்லாம் அவர் சொன்ன அந்தப் பயத்திலேயே இருந்தது.

விசாரணைக்கு லயத்திலிருந்து, என் வீட்டுக்காரரையும் சேர்த்து, சில பேர்தான் வந்தோம். மற்றவர்கள் வேலை என்றார்கள், காய்ச்சல் என்றார்கள். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நானே பஸ்ஸில் வரும்போது, பேராதனையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். தலைவர் வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு பொன்னாடையை மடித்து வைத்திருந்தார். கச்சேரி வாசலில் அதை அவர் கையிலிருந்து வாங்கி என் பையில் அடைத்துக்கொண்டேன். அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். தலைவரை நான் முறைத்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே ஒரு நீண்ட மேசை. அதன் தலைப்பக்கத்தில் விசாரணையை நடத்தும் ஓர் அம்மையார், பக்கத்தில் எங்கள் அதிகாரி. கதிரைகள் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி எழுந்து தன் மாடி விஷயத்தைச் சொன்னார். எங்கள் தெருவை அறியாதவர்கள் கொழும்பில் இருந்துகொண்டு எங்கள் வீட்டுக்குக் கோடு போடுவது என்ன நியாயம் என்று, கடையில் விலை பேசுகிற அதே குரலில் கேட்டார். ஒருவரும் அவர் பெயரை வெட்டிவிடவில்லை. உட்கார்ந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்.

எங்கள் தோட்டத்தின் பெயர் வந்தது. அதிகாரி சுவரில் படம் காட்டினார். திட்டத்தின் கோடுகள், சுவர் வரப்போகும் இடம், அதற்குப் பிறகு அந்த மாலைப் படம். என் பல் சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"இங்கே ஆட்சேபனை எதுவும் வரவில்லை. மக்கள் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள். நீங்களே பாருங்கள்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தலைவர் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எங்களில் சிங்களம் நன்றாகப் பேசக்கூடியவள் நான்தான், புடைவைக் கடை தந்த சிங்களம். எழுந்தேன். முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் படத்தில் இருப்பது நான்" என்றேன். சுவரையும் என்னையும் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள். "நாங்கள் சந்தோஷத்தில் மாலை போடவில்லை, சேர். எங்கள் மலையில் முனியாண்டி சாமி இருக்கிறார். கொழுந்து எடுக்கப் போகும் முன் அவருக்கு மாலை போடுவோம். அவரைக் கண்டால் எங்களுக்குப் பயம். பாம்பு, குளவி, கல் எதுவும் எங்கள் மேல் வரக்கூடாது என்றுதான் போடுவோம். யாருக்குப் பயப்படுகிறோமோ அவருக்குத்தான் மாலை. உங்களுக்கும் அப்படித்தான் போட்டோம்."

மேசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். இதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது, ஆனாலும் சொன்னேன். அந்த மேட்டுக்குக் கீழே இரண்டு பேர் செத்தார்கள், அங்கே என் பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன், எங்கள் சபை எங்களோடு இருந்து போட்ட திட்டம் நர்சரி மட்டத்தில் இருக்கிறது, அதைத் திருப்பித் தாருங்கள், எங்கள் பெயரையும் வெட்டிவிடாதீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது.

அதிகாரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் அவரிடம் ஏதோ மெல்லக் கேட்டார். அவர், மேலே அந்த மட்டத்துக்கு நான் போகவில்லை என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதுவரை முடிவு இல்லை என்றார் அம்மையார். அவ்வளவுதான். அடுத்த ஊரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மேகம் கறுத்திருந்தது. லயத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள், காய்ச்சல்காரர்கள் உட்பட. தப்பு இல்லை, தட்டு இல்லை, தேங்காய் இல்லை. என் வீட்டுக்காரர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் வைத்தார், பின்னால் கட்டினார், மறுபடி கக்கத்தில் வைத்தார். தலைவர் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டார்.

வாகனம் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், நாலடி நடந்து வந்தார், நின்றார். நின்று, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

அவர் அதைத் தெரிந்து செய்திருக்க மாட்டார். எத்தனை தோட்டம், எத்தனை மாலை, கழுத்துக்கே பழகிப்போயிருக்கும். குனிந்த தலை குனிந்தபடி இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கையும் எழவில்லை. என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் பயந்ததே இல்லை, மண்மேடு இறங்கிய அன்றுகூட இல்லை. முடிந்தது, நம் பெயர் போயிற்று என்று நினைத்தேன். அவர் மெல்ல நிமிர்ந்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது. சட்டைக் கழுத்தைச் சரி செய்துகொண்டார்.

மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவரு கோவிச்சுக்கிட்டாரா?"

"தெரியலடா" என்றேன்.

பிறகு நான் சிங்களத்தில், "மேலே போவோம் சேர், மழை வரப் போகிறது" என்றேன். அவர் ரோட்டோரத்துச் சிவப்பு முளைக்கட்டைகளை ஒரு தடவை பார்த்தார்.

நர்சரி மட்டத்துக்குப் போகும் பாதை தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் ஏற முடியும். துரைமாருக்குப் பின்னால்தான் நாங்கள் எப்போதும் நடந்திருக்கிறோம். வழி தெரிந்தவள் என்று அன்றைக்கு நான் முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அது நின்றுவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது என்று காதைப் பின்னால் கொடுத்தபடியே, கொய்யா மரம் கண்ணில் படும்வரை ஏறினேன்.